பௌர்ணமியன்று கிடைத்த லீவு

செங்கம் சாலையில் ஒரு ஓட்டலில் நான் தோசை மாஸ்டர். பௌர்ணமியன்று ஊரே கிரிவலம் போகும். எங்களால் அடுப்பை விட்டு நகர முடியாது.

புதிதாக வந்த மேனேஜர் அம்மா ஒருநாள் கேட்டார்: "மாஸ்டர், பௌர்ணமியில மலை சுத்தியிருக்கீங்களா?"

"அன்னைக்குத்தாங்க வேலை ஜாஸ்தி. எங்க போறது?" என்றேன்.

அடுத்த பௌர்ணமி மாலை, ஓட்டலில் நிற்க இடமில்லை. அவர் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து என் கையிலிருந்த கரண்டியை வாங்கினார். "செருப்ப இங்கயே விட்டுட்டுக் கெளம்புங்க. நான் பாத்துக்கறேன்."

கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை தாண்டும்போது மலைக்குப் பின்னாலிருந்து நிலா ஏறியது. இத்தனை வருடம் தோசைக்கல்லையே பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது.

திரும்பி வந்தபோது கோணல்மாணலான தோசைகளை ஜனங்கள் முகம் சுளிக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் அம்மாவின் கையில் சூடு பட்டுக் கொப்புளம். "நல்லா சுத்தினீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

நல்ல சம்பளம் தந்த முதலாளிகளிடமும் இருந்திருக்கிறேன். எனக்கும் ஓர் ஆசை இருக்கும் என்று நினைத்தவர் இவர்தான்.

அடுத்த பௌர்ணமிக்கு மேனேஜர் அம்மா டீ போடும் அண்ணனை மலை சுற்ற அனுப்பிவிட்டு, அந்த அண்ணன் இடத்தில் நிற்க வந்தார். அதற்குள் நான் அங்கே பாலைக் காய்ச்சிக்கொண்டிருந்தேன்.

"அப்போ தோசை?" என்றார்.

"அதுவும் நான்தாங்க. நீங்க போய் உக்காருங்க."