நாற்பதாவது சர்வரில் தங்கப்பன்கள்

அமரவிளை சானுவுக்கு என்ன உத்தியோகம் என்று ஊரில் யாருக்கும் சரியாகத் தெரியாது. கைலி கட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்ற அளவில் தெரியும். ஒரு பெரிய கணக்கை நாற்பதாகப் பிளந்து, எங்கோ இருக்கும் நாற்பது சர்வர் கம்ப்யூட்டர்களுக்கு ஒரே நேரத்தில் கொடுத்து, விடைகளை ஒன்று சேர்ப்பது அவன் வேலை. வீட்டில் மட்டும் எல்லாமே மனைவி ஷிஜா என்ற ஒரே சர்வரில் ஓடியது.

அந்த வியாழக்கிழமை மேலாளர் கறாராகச் சொல்லிவிட்டார்: நான்கு மணிக்குள் விடை வராவிட்டால், திங்கள் முதல் பெங்களூரில் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும். ஷிஜாவுக்கு நெய்யாற்றின்கரையில் ஆசிரியை வேலை. அவள் வரமாட்டாள்.

கணக்கு ஒரு காப்பீட்டுக் கம்பெனியுடையது. கேரள-தமிழக எல்லைக் கிராமத்து ஆட்கள் ஒவ்வொருவரும் இருபது வருஷத்தில் எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள் என்று பார்க்க வேண்டும். சானு பதிவுகளைப் பெயர் வைத்துப் பங்கிட்டிருந்தான். ஒரே பெயருள்ள பதிவுகள் எல்லாம் ஒரே சர்வருக்குப் போகும்; அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, ஒரே ஆள்தானா என்று அது தீர்மானிக்கும். முப்பத்தொன்பது சர்வர்கள் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டுச் சும்மா இருந்தன. நாற்பதாவது மட்டும் மணி மூன்றாகியும் முக்கிக்கொண்டிருந்தது. அது முடிக்காமல் விடை கிடையாது.

வாசலில் கூரியர்க்காரன் குரல் கேட்டது. "தங்கப்பன் வீடு இதாக்குமா, மாமா?"

"எந்தத் தங்கப்பனாக்கும்?" என்றார் சானுவின் அப்பா. "இந்த ரோட்டுல என்னோட சேத்து ஆறு தங்கப்பன் உண்டு மக்கா. வீட்டுப்பேரு என்ன போட்டிருக்கு?"

"அது இல்ல மாமா."

"பின்ன நீ இன்னைக்கு வீடு சேந்தது மாதிரிதான்!"

சானு நாற்பதாவது சர்வரைத் திறந்து பார்த்தான். உள்ளே முழுக்கத் தங்கப்பன்கள். தங்கப்பனுக்குப் பிறந்து, தங்கப்பன்களுக்கு நடுவே வளர்ந்தவனுக்கு இது மட்டும் தோன்றவில்லை. பெயரோடு வீட்டுப்பெயரையும் சேர்த்து மறுபடி பங்கிட்டான். தங்கப்பன்கள் நாற்பது சர்வருக்கும் சிதறினார்கள். மூன்று ஐம்பதுக்கு விடை வந்தது.

மேலாளர் போனிலேயே குளிர்ந்துபோனார். "பிரமாதம்! இதை இங்கே எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்கணும். திங்கட்கிழமை வந்துடுங்க. ஒரு வருஷம் போதும்."

பள்ளியிலிருந்து வந்த ஷிஜா எல்லாவற்றையும் கேட்டாள். "தோத்தாலும் பெங்களூரு, ஜெயிச்சாலும் பெங்களூரா?"

சானு டீ குடித்து முடித்து, வழக்கம்போல் டம்ளரை அவள் பக்கம் நீட்டினான்.

அவள் கையை நீட்டவில்லை. "அங்க நான் கெடையாது. கழுவ இப்பமே படிச்சுக்கிடுங்க."