பதினோரு கீச்சு

ஹரிபிரசாத்தின் ஸ்டுடியோ மாரிச்செல்விக்கு வாசலிலேயே பிடிக்காமல் போனது. சிவகாசியில் அவன் அப்பா நடத்தும் அச்சகத்துக்கு மேல்மாடியில் ஓர் அறை. நாலு சுவரிலும் பஞ்சு ஒட்டி, ஏசியும் போட்டு, அந்த இருட்டுக்குள் கறுப்புக் கண்ணாடி மாட்டி உட்கார்ந்திருப்பவனை என்னவென்று சொல்வது?

அவள் தங்கை பாண்டிமீனா, பக்கத்து ஊரான எம்.புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அடைக்கிறவள். ஒரு தீபாவளி போனசில் கிட்டார் வாங்கி, செல்போனைப் பார்த்தே வாசிக்கப் படித்தாள். அவள் போட்ட ஒரு நிமிட மெட்டு முதலாளி காளிராஜுக்குப் பிடித்துப்போய், கம்பெனி விளம்பரத்துக்கு வேண்டும் என்றார். இன்று சாயங்காலத்துக்குள் ஒலிப்பதிவு சுத்தமாக வரவேண்டும். வராவிட்டால் அதே மெட்டை மதுரையிலிருந்து வேறு ஆள் வந்து வாசிப்பான்.

சுத்தமாக வரவில்லை. இடக்கை கிட்டாரின் கழுத்தில் ஒரு கட்டையிலிருந்து அடுத்ததற்கு நகரும்போதெல்லாம், தடித்த கம்பிகளில் விரல் உரசிக் 'கீச்' என்றது.

"பதினொண்ணு" என்றாள் மாரிச்செல்வி. அதே கம்பெனியில் பேக்கிங் செக்கிங் பார்க்கிறவள். பெட்டியில் ஒரு வெடி குறைந்தாலும் கையில் தூக்கியதும் சொல்லிவிடுவாள்.

"சாப்ட்வேர்ல எடுத்துரலாம்" என்றான் ஹரிபிரசாத். அரைமணி நேரம் தட்டினான். கீச்சு போனது, கூடவே நாதமும் போனது. ஈரச் சாக்குக்குள் கிட்டாரைக் கட்டி வைத்து வாசித்தது மாதிரி இருந்தது.

"நல்லா இருக்குல்ல?"

"உங்க மிசினு தூத்துப் பெருக்கும்போது வீட்டையும் சேத்துப் பெருக்கிருச்சு தம்பி."

அவனுக்குச் சுருக்கென்றது. "ஏம்மா, பட்டாசு வேலை பாக்குற கை சொரசொரன்னு இருந்தா நான் என்ன செய்ய? மதுரைக்குப் போன் போட்டுருவோமா?"

பாண்டிமீனா தலை குனிந்து விரல்களைப் பார்த்தாள். மாரிச்செல்விக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'அப்பன் வாங்கிக் கொடுத்த சுழல் நாற்காலியில் சுற்றுகிறவனா என் தங்கச்சி கையைச் சொல்வது?'

போனை எடுக்க எட்டிய ஹரிபிரசாத், வழியில் கிடந்த இரும்பு ஸ்டூலைக் காலால் தரதரவென இழுத்துத் தள்ளினான்.

"இழுக்காதீக! தூக்கி வைங்க!"

அக்காவும் தங்கையும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். மருந்தறையில் எதையும் தரையில் இழுக்கக் கூடாது; உரசினால் தீ. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காதில் விழுவதே அதுதான். ஹரிபிரசாத் ஸ்டூலைத் தூக்கி ஓரமாக வைத்தான்.

பாண்டிமீனா மறுபடி தன் இடக்கையைப் பார்த்தாள்.

"அக்கா, நானும் கம்பியில விரலை இழுத்துக்கிட்டுல்ல இருக்கேன். சார், இன்னொரு தடவை ரெக்கார்டிங் போடுங்க."

"அந்த மைக்கையும் அவ இடக்கைக்குப் பக்கத்துல ஏன் நட்டு வச்சிருக்கீக? கீச்சுக்கா காசு குடுக்காக? வலது பக்கமா தள்ளி வைங்க" என்றாள் மாரிச்செல்வி.

பாண்டிமீனா வாசித்தாள். இடம் மாறும் முன் ஒவ்வொரு முறையும் விரலை நேராகத் தூக்கினாள். பிறகே நகர்த்தி வைத்தாள். மூன்றாம் தடவையில் மாரிச்செல்வி ஒற்றை விரல் காட்டினாள். ஒரே ஒரு கீச்சு, அதுவும் மெலிசாக.

ஹரிபிரசாத் உடனே காளிராஜுக்குப் போன் போட்டான். "அண்ணாச்சி, ரொம்பச் சிரமம். நம்ம சாப்ட்வேர்ல போட்டு ஒரு வழியா..."

மாரிச்செல்வி போனை அவன் கையிலிருந்து வாங்கினாள்.

"மொதலாளி, நான் பேக்கிங் மாரிச்செல்வி. வாசிச்சது பாண்டிமீனா. விளம்பரத்துல பேரு போடும்போது அதையே எழுதிக்கோங்க. இந்தத் தம்பி ஸ்டூலைத் தூக்கி வச்சாரு, அம்புட்டுதான்."