சுவருக்கு இரண்டு பக்கமும் ஒரே லைன்

எங்கள் வீட்டு டிவி அலமாரிக்குப் பின்னால் சுவரில் ஒரு துளை இருக்கிறது. கட்டைவிரல் நுழையும். அதன் வழியாக ஒரு நீல வயர் பக்கத்து வீட்டுக்குப் போகிறது. பக்கத்து வீடு என் அக்காவுடையது. ஈப்போவில், சிலிபின் பக்கம் ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் இரண்டை அடுத்தடுத்து வாங்கினோம். ஆளுக்கொரு கல்யாணம் ஆன பிறகும் அக்காவும் தங்கையும் ஒரு சுவருக்கு மேல் தள்ளிப் போகவில்லை.

துளையைப் போட்டவர் அக்காவின் கணவர், என் அத்தான். எங்கள் வீட்டுக்கு இணைய லைன் இழுத்த வாரமே டிரில்லோடு வந்துவிட்டார். ஒரு சுவர் தள்ளி இருப்பவர்களுக்கு இன்னொரு லைன் எதற்கு என்பது அவர் கட்சி. வயரின் அந்தப் பக்க நுனியில் ஒரு பழைய ரவுட்டரை மாட்டினார். அதிலிருந்து அக்கா வீடு முழுக்க வைஃபை. துளையைச் சுற்றி சிமெண்டு பூசவேண்டும், அடுத்த ஞாயிறு பூசுகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மனுஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். துளை அப்படியே இருக்கிறது.

பழைய மோடம் ஒரு சண்டி மாடு. மழை பெய்தால் படுத்துக்கொள்ளும், வெயிலடித்தாலும் படுத்துக்கொள்ளும். ஈப்போவில் இந்த இரண்டில் ஒன்று எப்போதும் உண்டு. படுத்தால் சுவிட்சை அடைத்து மறுபடி போடவேண்டும். மோடம் இருப்பதோ என் வீட்டில். அதற்கு அக்கா ஒரு வழி வைத்திருந்தாள். கரண்டிக் காம்பால் சுவரில் மூன்று முறை தட்டுவாள். லைன் போய்விட்டது என்று அர்த்தம். நான் மோடத்தை அடைத்துப் போடுவேன். லைன் வந்ததும் அந்தப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு முறை தட்டுவாள். வந்துவிட்டது, சரி என்று அர்த்தம். போன் பண்ணினால் போதாதா என்று என் கணவர் கேலி செய்வார். நாங்கள் செமோருக்கு அப்பால் ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர்கள். அங்கே பலகைச் சுவர் கூரைவரை எட்டாது. உப்பு தீர்ந்தாலும் சுவரைத்தான் தட்டுவோம். அக்கா போனில் டேட்டாகூடப் போடுவதில்லை. சுவர் இருக்கும்போது அது எதற்கு என்பாள்.

அத்தான் இறந்த மறுவருஷம் அக்கா மகளுக்குக் கல்யாணம் முடிவானது. பெண்ணுக்கு நான் சின்னம்மா. வெற்றிலை பாக்கு, குங்குமம் வைத்த தாம்பாளத்தோடு நேரில் போய் அழைப்பது எங்கள் வழக்கம். நெருங்கிய சொந்தத்துக்கு முதலில், ஊருக்குப் பிறகு. அத்தானின் தம்பியும் அவர் மனைவியும் தைப்பிங் வரைக்கும் போய் அழைத்துவிட்டு வந்தார்கள். எங்கள் கேட்டைத் தாண்டித்தான் போனார்கள், தாண்டித்தான் வந்தார்கள். எனக்கு வந்தது போனில் ஒரு படம். கல்யாணப் பத்திரிகையின் படம். அக்கா வீட்டில் ஏறி, அத்தான் போட்ட துளை வழியாக என் மோடத்துக்கு வந்து, உலகமெல்லாம் சுற்றி, திரும்பவும் என் வீட்டுக்கே வந்து என் கையில் விழுந்தது.

எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று அம்மா சொல்வாள். அது பொய்யில்லை. கல்யாணத்துக்குப் போனேன், போகாவிட்டால் ஊர் பேசும். என் கணவர் அப்போதுதான் நெஞ்சு ஆபரேஷன் முடிந்து வீட்டில் படுத்திருந்தார். தனியாகப் போனேன், பின் வரிசையில் உட்கார்ந்தேன், கை நனைக்காமல் திரும்பினேன். நான் பந்திக்குப் போகாமல் வாசல் பக்கம் நடந்ததை அக்கா பார்த்துக்கொண்டே நின்றாள். அன்றோடு பேச்சு நின்றது.

வயரைப் பிடுங்கி எறி என்று கோபம் சொன்னது. கை போகவில்லை. கல்யாணமானவள் கணவனோடு ஆஸ்திரேலியா போய்விட்டாள். அக்கா ஒண்டியாள். மாலையில் விளக்கேற்றியதும் மகள் முகத்தை வீடியோவில் பார்ப்பதுதான் அவளுக்குச் சாப்பாடு மாதிரி. அதில் கை வைக்கும் அளவுக்கு நான் கெட்டவள் இல்லை.

பேச்சு நின்றாலும் தட்டுவது நிற்கவில்லை. லைன் போனால் மூன்று முறை தட்டுவாள். நான் கொஞ்சம் காக்க வைத்துவிட்டுத்தான் போடுவேன். ஆனால் கடைசியாக வரவேண்டிய அந்த ஒற்றைத் தட்டல் மட்டும் வரவில்லை. லைன் வந்தது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சொல்லமாட்டாள், அழுத்தக்காரி. நான் சுவரோரம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அடுப்படிக்குப் போவேன்.

பிறகு புது மோடம் வந்தது. அது படுப்பதே இல்லை. அந்த மூன்று தட்டலும் போயிற்று. வேகத்தை எல்லோரும் மெச்சினார்கள். எனக்கு மட்டும் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. தூர தேசத்தில் இருப்பவர்களை நினைத்து ஏங்கினால் நாலு பேர் ஆறுதல் சொல்வார்கள். ஒரு சாண் சுவருக்கு அப்பால் இருமுகிறவளை நினைத்து ஏங்குவதை யாரிடம் போய்ச் சொல்வது? துளை வழியாக அவள் போடும் சாம்பிராணி வாசம் வரும். நெத்திலி வறுத்தால் தெரியும். நாற்காலி இழுபடும் சத்தத்தை வைத்தே இன்று முழங்கால் வலி அதிகம் என்று கண்டுபிடித்துவிடுவேன். தைலம் தேய்த்துவிடத்தான் வழியில்லை.

போன மாதம் ஒரு நாள் பகல் முழுக்க எனக்குத் தலைவலி, படுத்தே கிடந்தேன். மாலையில் எழுந்ததும் என்ன வந்ததோ, அக்கா விளக்கேற்றும் நேரம் பார்த்து மோடத்தை நானே அடைத்தேன். அவள் தட்டவேண்டும், அவ்வளவுதான் ஆசை. அலமாரி பக்கத்தில் தரையில் உட்கார்ந்து காத்திருந்தேன்.

தட்டவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் போன் மணி அடித்தது. வீடியோ கிடைக்காமல் மகள் சாதாரணமாகக் கூப்பிட்டிருந்தாள். போனைக் காதில் வைத்துப் பேச அக்காவுக்குப் பழக்கமில்லை, ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். லைன் இல்லையென்றால் சின்னம்மா வீட்டுச் சுவரைத் தட்டவேண்டியதுதானே என்று மகள் கேட்டது துளை வழியாகத் தெளிவாகக் கேட்டது.

“வேணாம்லா. அவளுக்கு தலைவலி போல, பகல்ல இருந்து சத்தமே இல்ல. தட்டுனா திடுக்குன்னு எந்திரிப்பா. அவளுக்கு எதுக்கு சூசா, வீண் தொந்தரவு” என்றாள் அக்கா.

பேச்சு மகளின் வளைகாப்புக்குத் திரும்பியது. மகள் அதற்காக ஈப்போ வருகிறாளாம். இந்தத் தடவையாவது சின்னம்மாவை நேரில் போய் அழையுங்கள், கல்யாணத்துக்கு ஏன் போய் அழைக்கவில்லை என்று கேட்டாள். அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“போனேன், கேட் வரைக்கும் போனேன். மத்தவங்கள கொழுந்தன் கூப்பிடட்டும், என் தங்கச்சிய நாந்தானே கூப்பிடணும்னு தாம்பாளத்த தூக்கிட்டுத்தான் போனேன். உள்ள அவ வீட்டுக்காரரு ஆபரேசன் பண்ணி படுத்திருக்காரு. நா பொட்டு இல்லாதவ. குங்குமத்த எப்படி அவகிட்ட நீட்டுறது? அவருக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா? திரும்பிட்டேன்லா.”

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பைத்தியக்காரி. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நன்றாகத் திட்டிவிட்டு, அவள் கையாலேயே குங்குமத்தை எடுத்து என் நெற்றியில் வைக்கச் சொல்லியிருப்பேன். கோபம் அடங்குவதற்குள் அழுகை வந்துவிட்டது. என் தாலிக்குப் பயந்து அவள் கேட்டோடு திரும்பியிருக்கிறாள். நான் அவள் வீட்டுக் கல்யாணத்தில் சாப்பிடாமல் வந்திருக்கிறேன்.

மோடத்தைப் போட்டேன். லைன் வந்தது. மகள் மறுபடியும் வீடியோவில் கூப்பிட்டாள், வயிறு எவ்வளவு தெரிகிறது பார் என்று காட்டினாள் போலிருக்கிறது, அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டுப் பல மாதம் ஆகியிருந்தது. பேசி முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு வயரை ஒதுக்கித் துளைக்கு வாயைக் கொண்டுபோனேன்.

“அக்கா, வளைகாப்புக்கு நீதான் வந்து கூப்பிடணும். குங்குமத்தோட. வேற யாரு வந்தாலும் கேட்ட தொறக்க மாட்டேன்.”

நாற்காலி இழுபட்டது. கால் தேய்த்து நடந்து அவள் உள்ளே போகும் சத்தம் கேட்டது. திரும்பவும் கோபித்துக்கொண்டாள் என்றுதான் நினைத்தேன்.

கரண்டி எடுக்கப் போயிருக்கிறாள். திரும்பி வந்து சுவரில் ஒரே ஒரு முறை தட்டினாள்.