ஆய்வேட்டுக்கு ஒரு பட்டு நாடா

எம்ஃபில் ஆய்வேட்டை ஐந்து பிரதிகள் பைண்டிங் செய்து கொடுக்க வேண்டும். மதுரையில் பல்கலைக்கழகத்துக்கு எதிரே உள்ள கடையில் கேட்ட கூலி, என் ஒரு மாத மெஸ் பில்.

சிவகாசியில் பிறந்துவிட்டு அதைக் கொடுப்பதா? போன வாரம் பக்கங்களைக் கட்டி எடுத்துக்கொண்டு, எங்கள் தெருவில் டைரி போடும் அண்ணாச்சியின் அச்சகத்துக்குப் போனேன்.

“எம்புட்டு காப்பி?”

“அஞ்சு, அண்ணாச்சி.”

“அஞ்சாயிரமா?”

“இல்ல, அஞ்சே அஞ்சு.”

அவர் முகத்தில் பரிதாபம். “வருசம் பூரா எழுதுனத அஞ்சு பேருதான் படிப்பாகளா?”

“அஞ்சு பேரும் படிக்க மாட்டாக அண்ணாச்சி.”

“சரி, வச்சிட்டுப் போ தாயி. டைரி ஆர்டர் ஓடுது, அதோட சேத்துப் போட்டுருவோம். காசெல்லாம் வேணாம்.”

இன்று போய் வாங்கினேன். நீல ரெக்சின், தங்க எழுத்து. பேராசிரியர்களின் ஆய்வேடுகள்கூட இத்தனை அழகாக இருந்து நான் பார்த்ததில்லை. கூடவே, டைரிக்கு வைப்பதுபோல ஐந்திலும் ஒரு சிவப்புப் பட்டு நாடா.

“இத வெட்டிரவா அண்ணாச்சி?”

“இருக்கட்டும் தாயி. எந்தப் பக்கத்துல தூங்குனாகன்னு தெரியும்ல.”

ஐந்திலும் நாடாவை, தொடக்கத்திலேயே வரும் நன்றியுரைப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அதைத் தாண்டி நகரும் என்று பந்தயம் கட்ட யாராவது இருக்கிறீர்களா?