அம்மன் கேட்ட ஆஸ்பத்திரி

போன வைகாசியில் எனக்கு மகன் பிறந்தான். ஆடி முடிவதற்குள் அவனையோ என்னையோ பிணமாகத் தூக்கியிருப்பார்கள். அம்மன் தடுத்தாள். எப்படித் தடுத்தாள் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் முழுவதும் படியுங்கள்.

நாங்கள் ஆரணியில் பட்டு நெய்கிற குடும்பம். கூடத்தில் தறி, அதை ஒட்டிய அறையில் நானும் குழந்தையும். சேத்துப்பட்டில் இருந்த என் அம்மா என் கல்யாணத்துக்கு முன்பே இறந்துவிட்டார். அதனால் பிள்ளைப்பேறு பார்த்தது என் மாமியார்தான். அத்தை ஒரு குறையும் வைக்கவில்லை. பத்தியச் சோறு, பூண்டுக் குழம்பு, சாம்பிராணிப் புகை எல்லாம் நேரத்துக்கு வந்தன. எனக்குத் தூக்கம் மட்டும் வரவில்லை. குழந்தை தூங்கினாலும் வரவில்லை. பால் கொடுக்கும்போது என் கண்ணீர் அவன் நெற்றியில் விழும். ஏன் அழுகிறேன் என்று எனக்கே தெரியாது.

பிறகு ஒரு குரல் கேட்க ஆரம்பித்தது. "இவனைத் தறிக்குழியில் போட்டுவிடு" என்றது. நெய்பவர் காலை விட்டு உட்காரும் பள்ளம் அது. கொல்லைக்குப் போவதென்றால் அதைக் கடந்துதான் போக வேண்டும். குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, சுவரோடு ஒட்டி ஒட்டிப் போவேன்.

நான் சொல்லாமல் இல்லை. வாயைத் திறந்து சொன்னேன். "அத்தை, எனக்கு இன்னாவோ ஆவுது. கொயந்தையை எங்கிட்ட தனியா வுடாதீங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"பெத்தவளுக்கு இதெல்லாம் இருக்கறதுதான். நான் மூணு பெத்தேன், தறியும் போட்டேன். சொம்மா பேஜார் பண்ணிகினு இருக்காத" என்றார்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஆவணி முகூர்த்தப் புடவை தறியில் பாதியில் இருந்தது. "இத்த முடிச்சு அறுத்துக் குடுத்துட்டுப் போலாம்" என்றார்.

படுத்த இடத்திலிருந்தே வேண்டினேன். 'தாயே, நான் சொல்வதை இந்த வீட்டில் யாராவது கேட்கும்படி செய்.' வேறு எதையும் கேட்கவில்லை. கேட்கத் தெம்பும் இல்லை.

ஆடி வெள்ளி வந்தது. தெருக்கோடி அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள், பம்பை அடித்தார்கள். அந்தச் சத்தம் என் அறைக்குள் கேட்டதும் அடக்கி வைத்ததெல்லாம் உடைந்தது. அலறினேன். முடி அவிழ்ந்தது, உடம்பு உதறியது. "அம்மன் வந்துட்டா!" என்று ஓடிவந்தவர்களில் யாரோ கத்தினார்கள். அவ்வளவுதான். கையில் வேப்பிலையைத் திணித்தார்கள், கற்பூரம் காட்டினார்கள். அழுமூஞ்சி மருமகள் ஒரு நொடியில் தெய்வமாகிவிட்டாள். இவளுக்கு உடம்பு சரியில்லை என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பக்கத்து வீட்டம்மா தன் மகளுக்கு எப்போது வரன் அமையும் என்று என்னிடம் குறி கேட்டார்!

அப்போது அத்தை என் காலில் விழுந்தார். "தாயே, இந்த வூட்ல இன்னா கொறை? உனக்கு இன்னா வேணும், சொல்லும்மா."

என் வாய் திறந்தது. "இவளுக்கு ஒடம்பு சரியில்ல. கொயந்தையை இவகிட்ட தனியா வுடாத. இன்னிக்கே வேலூருக்குக் கூட்டிகினு போய் மனசு பாக்குற டாக்டர்கிட்ட காட்டு. வுட்டா ரெண்டு உசுரு போவும்."

"உத்தரவு தாயே" என்றார் அத்தை.

நான் அத்தனை நாளாகச் சொன்ன அதே வார்த்தைகள்தான். இப்போது தறி நின்றது. என் வீட்டுக்காரர் புடவையை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய் ஆட்டோ பிடித்துவந்தார். கண்ணமங்கலம் தாண்டி வேலூர் போய்ச் சேரும்வரை அத்தை குழந்தையை மடியிலிருந்து இறக்கவில்லை.

பிள்ளை பெற்ற சிலருக்கு வருகிற நோய் இது, மருந்து உண்டு என்றார் டாக்டரம்மா. என்னை அங்கேயே சேர்த்துக்கொண்டார்கள். குழந்தையை அத்தையிடம் விட்டுப் பிரிந்திருந்தேன். பால் கட்டி வலித்தது, அவன் இல்லை. மருந்தோடு பேச்சு சிகிச்சையும் நடந்தது. ஆலோசகரம்மா என்னோடு தனியாகப் பேசினார். அத்தையையும் என் வீட்டுக்காரரையும் உட்கார வைத்தும் பேசினார். மூன்று பெற்றபோது தன்னை ஒருவரும் எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை என்று சொல்லி அத்தை அங்கே தேம்பித் தேம்பி அழுதார்.

அன்று பேசியது நீங்களா, அம்மனா என்று ஆலோசகரம்மா கேட்டார். அவள்தான் என்றேன். என் குரலுக்கு எங்கள் வீட்டில் அத்தனை பலம் ஏது?

இப்போது அந்தக் குரல் கேட்பதில்லை. மாத்திரை குறைந்திருக்கிறது, இன்னும் நிற்கவில்லை. மகன் நடக்கிறான். அவனுடைய முதல் மாதங்கள் எனக்குச் சரியாக நினைவில்லை. போட்டோவைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.

போன மாதம் எதிர்வீட்டில் பிள்ளை பெற்ற பெண் சாப்பிடாமல் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டாக்டரிடம் காட்டச் சொன்னேன். அவள் மாமியார் என்னைக் கும்பிட்டு, "அம்மன் உம்மேல வந்து சொல்லட்டும்மா, கூட்டிகினு போறேன்" என்றார். எனக்குக் கோபம் பற்றிக்கொண்டது. அத்தைதான் முன்னே வந்தார். "அம்மன் எனக்குச் சொன்னது உனக்கும்தான். ஜல்தி கெளம்பு" என்று அந்தப் பெண்ணைக் கையோடு ஆட்டோவில் ஏற்றினார்.

அக்கா தங்கைகளே, அம்மனை நம்பிக் கேளுங்கள். எனக்கு இரங்கியவள் உங்களுக்கும் இரங்குவாள். உயிர் இருக்கும்வரை நான் அவள் காலடியில்தான் கிடப்பேன். ஆனால் உங்கள் வீட்டில் பிள்ளை பெற்றவள் "என்னால் முடியவில்லை" என்றால், அவள் சொல்லும்போதே காது கொடுங்கள். எல்லார் மேலும் அம்மன் வந்து சொல்லமாட்டாள்.