அப்பா படுத்திருந்த பின் சீட்டு

கார் கம்பெனியில் எனக்குத் தடவுகிற வேலை. சிரிக்க வேண்டாம், அதற்குத்தான் சம்பளம் கொடுத்தார்கள். வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, லைனில் வருகிற ஒவ்வொரு காரின் கதவையும் பானெட்டையும் உள்ளங்கையால் மெதுவாகத் தடவிப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பள்ளமும் மேடும் கையில் தட்டுப்படும். அந்த இடத்தில் மெழுகு பென்சிலால் ஒரு வட்டம் போட்டால் அடுத்த ஆள் சரிசெய்வான். நாலு வருஷத்தில் என் கையே கெட்டுப்போனது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்தாலும் வீட்டில் சோற்றுத் தட்டைத் தொட்டாலும் எங்கே நெளிந்திருக்கிறது என்றுதான் விரல் தேடும்.

அப்பாவுக்கு இது பெரிய வேடிக்கை. "எம் புள்ள காருக்குத் தைலம் தேய்க்கிறான்" என்று ஸ்ரீபெரும்புதூர் டாக்ஸி ஸ்டாண்டு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அவரிடம் ஒரு பழைய அம்பாசடர் இருந்தது. கறுப்பு உடம்பு, மஞ்சள் கூரை. நான் பிறப்பதற்கு முன்பே வாங்கியது. இந்தப் பக்கம் கம்பெனிகள் வராத காலத்தில் கல்யாணத்துக்கும் பிரசவத்துக்கும் அதுதான் ஓடியது. தொண்ணூறுகளின் கடைசியில் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்தன. ஆபீசர்களை ஏற்றிப்போக ஏசி வண்டிகளும் கூடவே வந்தன. அப்பாவுக்கு சவாரி பாதியாகக் குறைந்தது. ஆனால் மனுஷன் அசரவில்லை.

"உங்க கம்பெனி காரு தகர டப்பாடா. என் வண்டிய யானை வந்து முட்டினா யானைக்குத்தான் வலிக்கும்" என்பார்.

நான் விடுவேனா? அவருடைய கதவைத் தடவிவிட்டு, "பதினேழு பள்ளம். ரிஜெக்ட்" என்பேன்.

"உங்கப்பன் மூஞ்சியத் தடவிப் பாரு. அதுல எவ்ளோ பள்ளம் கீது. அதயும் ரிஜெக்ட் பண்ணுவியா?" என்று சிரிப்பார். சிரித்தால் கன்னம் இன்னும் குழியும்.

மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவது அவர் வழக்கம். சாப்பிட்டதும் வண்டியைப் புங்க மரத்தடியில் நிறுத்தி, பின்கதவு இரண்டையும் திறந்துவிட்டு, பின் சீட்டில் படுத்து ஒரு தூக்கம் போடுவார். கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளேதான் ஃபேன் இருக்கிறதே என்று கேட்டால், "அது வூடு. இது என் எடம்" என்பார். அப்படிப் படுத்தவர்தான் ஒருநாள் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. நான் அப்போது முதல் ஷிஃப்டில் இருந்தேன். சூப்பர்வைசர் வந்து என் தோளில் கைவைத்து, வீட்டிலிருந்து போன் வந்ததாகச் சொன்னபோது ஒரு கதவில் பாதி வட்டம் போட்டிருந்தேன். அதை முழுசாகப் போட்டு முடித்துவிட்டுத்தான் திரும்பினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

எங்கள் பக்கத்தில் செத்தவர் படுத்த பாயையும் தலையணையையும் வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டார்கள், தூக்கிப் போட்டுவிடுவார்கள். அப்பாவின் பாய் போனது. வேட்டி சட்டையெல்லாம் போனது. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பெரியப்பா வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்தார்.

"அவன் உசுரு போனது இந்த சீட்டுலதான? இதயும் பிச்சி எறிஞ்சிடணும்டா. வூட்டுக்கு ஆவாது" என்று என்னிடம் சொன்னார்.

வாசற்படியில் உட்கார்ந்திருந்த அம்மா தலையை நிமிர்த்தாமல், "வருஷம் முடியட்டும் மாமா. அப்பறம் பாத்துக்கலாம்" என்றாள்.

அவளுக்கு வேறொரு ஆசையும் இருந்தது. ஆடிக் கிருத்திகை வந்தால் அப்பா ஊரில் இருக்கிற அத்தனை பேரையும் திருத்தணிக்கு ஏற்றிக்கொண்டு போவார். அம்மாவை மட்டும் கூட்டிப்போனதே இல்லை. அன்றைக்கு நல்ல சவாரி கிடைக்கிற நாள், அவளுக்கு ஏது இடம்? "அடுத்த வருஷம் உன்ன மட்டும் குந்த வச்சி ராணி மாதிரி ஓட்டிக்கினு போறேன் பாரு" என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். துக்க வருஷத்தில் மலைக்கோயில் ஏறக்கூடாது. அதனால் அம்மா என்னிடம் சொல்லிவைத்தாள்: "தெவசம் முடிஞ்சதும் அந்த வண்டியிலயே என்னத் திருத்தணிக்குக் கூட்டிக்கினு போடா. அவரே கூட்டிக்கினு போன மாதிரி இருக்கும். வேற ஒண்ணும் வாணாம் எனக்கு."

ஒருத்தி இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்ல முடியும்? என் மண்டையில்தான் ஏறவில்லை.

நான் போட்ட கணக்கு வேறு. தெவசத்துக்குள் அந்த வண்டியை, அப்பா வாங்கிய அன்று எப்படி இருந்திருக்குமோ அப்படி ஆக்கி, அம்மா முன்னால் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அவர் உயிர் போன சீட்டைப் பார்த்துப் பார்த்து அவள் நெஞ்சு அடித்துக்கொள்ளக் கூடாது. வருஷம் முடியட்டும் என்று அவளே சொல்லிவிட்டாள், வருஷமும் முடியப்போகிறது. அப்பாவுக்கு நான் செய்கிற மரியாதை இதுதான் என்று நம்பினேன். ஓ.டி. மேல் ஓ.டி. பார்த்தேன். தெவசத்துக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது, "எஃப்.சி.க்கு ஆர்.டி.ஓ. ஆபீசுல வண்டியக் காட்டணும்மா, கொஞ்சம் வேலை கீது" என்று ஒரு பொய்யைச் சொல்லி, படப்பையில் ஒரு டிங்கர் பட்டறையில் வண்டியை விட்டேன்.

ஷிஃப்டு முடிந்ததும் நேராகப் பட்டறைக்குப் போய்விடுவேன். பட்டி பூசித் தேய்த்த இடத்தையெல்லாம் தடவுவேன். நகக்கண் அளவு நெருடினாலும் வட்டம் போட்டுவிடுவேன். டிங்கர் தலையிலடித்துக்கொண்டார். "சார், இது அம்பாசடரு சார். உங்க கம்பெனி காரு இல்ல. இப்டி வட்டம் போட்டீங்கன்னா நான் பட்டறைய மூடிக்கினு போவ வேண்டியதுதான்."

பட்டறைக்குப் பக்கத்திலேயே குஷன் கடை. கடைக்காரர் பின் சீட்டைக் கழற்றி வெயிலில் வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். தலை வைக்கிற பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை ஊறியிருந்தது. நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்துப் படுக்கிற அளவுக்குக் குழி விழுந்திருந்தது.

"ஸ்ப்ரிங்கு, நாரு எல்லாம் நல்லாத்தான் கீதுண்ணா. கொஞ்சம் தட்டிப் போட்டா போதும். இல்ல, பழசு வேணும்னா அப்டியே வூட்டுக்கு எத்துக்கினு போங்க" என்றார்.

நான் அந்தக் குழியில் கையை வைத்தேன். பெற்ற அப்பன் படுத்த இடம். ஒரு நிமிஷம் பேசாமல் கையை வைத்திருக்கலாம் இல்லையா? பாழாய்ப்போன லைன் புத்திதான் முன்னால் வந்து நின்றது. "வேணாம். எல்லாத்தயும் தூக்கிப் போட்டுடுங்க. புது ஃபோம், புது ரெக்சின்" என்றேன். என் வாயால் சொன்னேன். வேறு யார் மேலும் பழி போட முடியாது.

அந்த ஒன்றரை மாதமும் அம்மா தினமும் ஒரே கேள்வியைக் கேட்டாள். "வண்டி எப்படா வரும்?" வேலைக்குக் கிளம்பும்போது கேட்பாள். திரும்பி வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் மறுபடி கேட்பாள். சாப்பாடு குறைந்தது. மதியத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் துவைத்த துணியையே மறுபடி துவைத்தாள். திருத்தணி ஆசை படுத்துகிற பாடு என்று நினைத்து நான் எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

தெவசத்துக்கு மூன்று நாள் முன்பு வண்டியைக் கொண்டுவந்தேன். கறுப்பில் முகம் பார்த்துத் தலைவாரலாம், அப்படி மின்னியது. வாசலில் நிறுத்தி ஹார்ன் அடித்தேன். அம்மா ஈரக் கையோடு ஓடிவந்தாள். வண்டியின் பளபளப்பை அவள் பார்த்த மாதிரியே தெரியவில்லை. நேராக முன்கதவைத் திறந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்த வேகத்தில் உடம்பைத் திருப்பிப் பின் சீட்டைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கையை நீட்டி ரெக்சினைத் தொட்டு, விரலை முகர்ந்து பார்த்தாள்.

"பழைய சீட்டு எங்கடா?"

"தூக்கிப் போட்டாச்சும்மா. நீதான சொன்ன, வருஷம் முடியட்டும்னு."

"ம். சொன்னேன்."

இறங்கி, கதவை மெதுவாகச் சாத்தினாள். "நல்லா கீதுடா. புதுசு மாதிரி கீது" என்றாள். உள்ளே போய் விட்ட இடத்திலிருந்து பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்து வீட்டு அக்கா துணி உலர்த்திக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். மதிலோரம் வந்து, "இன்னா தம்பி இப்டிப் பண்ணிட்ட?" என்றார்.

"இன்னா பண்ணேன்க்கா?"

"உங்கம்மா தெனம் மத்தியானம் அந்த வண்டியில போயி முன்னாடி குந்திக்கினு, பின்னால திரும்பி உங்கப்பாகிட்ட பேசிக்கினு இருப்பாங்கப்பா. அவரு இருக்கும்போதும் அப்டித்தான். அவரு படுத்துக்கினு இருப்பாரு, இவங்க ஊர்க்கதை பூரா சொல்லுவாங்க. அவரு போன அன்னிக்கும் சொல்லிக்கினுதான் இருந்தாங்க. தூங்குறாருன்னு நெனச்சி அரை மணி நேரமாப் பேசியிருக்காங்க தம்பி. ஒனக்குத் தெரியாதா?"

தெரியாது. முதல் ஷிஃப்டு என்றால் மதியம் நான் கம்பெனியில் இருப்பேன். இரண்டாம் ஷிஃப்டு என்றால் அதற்குள் பஸ் ஏறியிருப்பேன். மூன்றாம் ஷிஃப்டு என்றால் பகலெல்லாம் பிணம் மாதிரி தூங்குவேன். வார விடுமுறையிலும் ஓ.டி.க்கு ஓடிவிடுவேன். வருஷம் முழுக்க என் வீட்டு வாசலில் நடந்தது எனக்குத் தெரியாது. ஊரான் காரில் கண்ணுக்குத் தெரியாத பள்ளத்தைக் கண்டுபிடித்துக் கிழித்தேன்.

படப்பைக்கு ஓடினேன். குஷன் கடைக்காரர் என் முகத்தைப் பார்த்ததும் பயந்துவிட்டார். ஸ்ப்ரிங்கு அன்றைக்கே காயலான் கடைக்குப் போய்விட்டதாம். ரெக்சினைக் குப்பையில் போட்டுவிட்டார்களாம். "நாரு?" என்று கேட்டேன். "கொசுத் தொல்லைண்ணா. தெனம் சாயந்தரம் கொஞ்சம் கொஞ்சமாக் கொளுத்திட்டோம்" என்றார். பாவம், அவர் என்ன செய்வார்? அந்தக் கடை வாசலில், போகிற வருகிற ஷேர் ஆட்டோக்காரர்கள் எல்லாம் பார்க்க, உட்கார்ந்து அழுதேன். அப்பா செத்து அந்த ஒரு வருஷத்தில் நான் அழுதது அன்றைக்குத்தான்.

தெவசம் முடிந்த மறுநாள் திருத்தணிக்குக் கிளம்பினோம். வரமாட்டேன் என்று அம்மா சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து, பின்கதவைத் திறந்து, சீட்டின் விளிம்பில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள், காசு கொடுத்து வருகிற சவாரி மாதிரி.

"முன்னால வாயேன்மா."

"வாணாம்டா. நீ பாத்து ஓட்டு."

சும்மா இருக்கும்போதே நாலு பேர் பேச்சைப் பேசுகிறவள் போக வர வாயைத் திறக்கவில்லை. மலைமேல் சந்நிதியில் நின்றபோதும் கண்ணை மூடவில்லை. திரும்பும்போது, "எப்டிம்மா இருந்தது?" என்று கேட்டேன். "கூட்டம் இல்ல" என்றாள்.

அதன்பிறகு அவள் மதியத்தில் வண்டிப் பக்கம் போகவில்லை. வீட்டுக்குள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். பெரியப்பா வந்து வண்டியைப் பார்த்துவிட்டு, "உங்கப்பன் பேரக் காப்பாத்திட்டடா" என்று என் முதுகில் தட்டிவிட்டுப் போனார். எனக்கு அவர் கையைத் தட்டிவிட வேண்டும்போல இருந்தது.

எனக்கு வார விடுமுறையாக இருந்த ஒரு நாளில், மதியம் சாப்பிட்டதும் வண்டியை மரத்தடியில் நிறுத்தினேன். பின்கதவு இரண்டையும் திறந்தேன். அம்மாவைக் கூப்பிட்டேன். "எதுக்குடா?" என்றாள். கையைப் பிடித்துக் கூட்டிவந்து முன்னால் உட்காரவைத்தேன். நான் பின் சீட்டில் படுத்து, காலை வெளியே நீட்டிக்கொண்டேன். புது ஃபோம் என்னை உள்ளே விடாமல் மேலே தள்ளிக்கொண்டிருந்தது.

"பேசும்மா. அப்பாகிட்ட பேசற மாதிரியே பேசு. நான் குறுக்க ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

வளையல் அசைந்தது. அவள் கை வந்து என் முழங்காலில் உட்கார்ந்தது.

"எந்திரிடா" என்றாள். குரலில் கோபமே இல்லை. "அவர்கிட்ட நான் பேசினது பூரா உன்னப் பத்திதான். புள்ள சரியா துன்ன மாட்டேங்கறான், நைட் ஷிஃப்டு போயி கண்ணெல்லாம் செவந்துக்கினு வரான், அவனுக்கு ஒரு பொண்ணு பாக்கணும், நம்மகிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறான்னு. அத உன்கிட்டயே எப்டிடா சொல்றது?"

அவள் இறங்கி வீட்டுக்குள் போனாள். நான் எழுந்து கதவைச் சாத்தினேன்.