புதினாவும் ஷாஜீராவும்

ஹடப்சரில் ஒரு தனியார் ஆய்வகத்தில் மருந்து மூலக்கூறுகள் செய்வது என் வேலை. சென்ற வருடம் நான் தொடக்கப்பொருளாக எடுத்துக்கொண்டது கார்வோன். இடது கையும் வலது கையும் போல அதற்கு இரண்டு வடிவங்கள். ஒன்று மற்றதன் கண்ணாடி பிம்பம். ஒன்றில் புதினா வாசம், மற்றதில் பிரியாணிக்குப் போடும் ஷாஜீரா வாசம். எனக்கு வேண்டியது புதினா. புட்டிகள் இரண்டும் அருகருகே இருக்கும். திறந்தாலே தெரிந்துவிடுமே என்று லேபிளைப் படிப்பதையே விட்டிருந்தேன். மூக்கின் மேல் அவ்வளவு திமிர்.

ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது வாசனையையும் கொண்டுபோய்விட்டது. யாரிடமும் மூச்சுவிடவில்லை. ஒப்பந்த வேலை, மூக்கு செத்த கெமிஸ்ட்டை யார் வைத்துக்கொள்வார்கள் என்ற பயம். வீட்டிலும் காபியை வாங்கிக்கொண்டு, என்ன மணம் என்று நடித்தேன்.

கார்வோனிலிருந்து மருந்து வரை எட்டுப் படிகள். சரக்கு தீரத் தீர முதல் படியிலிருந்து மறுபடி தொடங்குவேன். கருவிகள் எல்லாம் சரி என்றன. அசலுக்கும் பிம்பத்துக்கும் அவற்றுக்கு வித்தியாசம் தெரியாது. திங்கட்கிழமை வாடிக்கையாளருக்கு அனுப்ப வேண்டும். ஞாயிறு காலை, துணியை மெஷினில் போட்டுக்கொண்டிருந்த மனைவி கேட்டாள்:

"ஏனுங்க, இப்பல்லாம் உங்க சட்டையில ஷாஜீரா வாசம் அடிக்குது. முன்ன புதினா வாசமில்லீங்களா வரும்?"

ஆய்வகத்துக்கு ஓடினேன். புட்டி தவறானதுதான். ஒளியை எந்தப் பக்கம் திருப்புகிறது என்று பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. அதை நான் தள்ளிப்போட்டே வந்திருந்தேன். இப்போது செய்தேன். அளவு அச்சு அசலாகச் சரி. திசை நேரெதிர்.

மேலாளரைப் போனில் அழைத்து, மூக்கு விஷயம் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். "லேபிள் படிக்க மூக்கு எதற்கு?" என்றார் இந்தியில். பிறகு, வாடிக்கையாளரிடம் அவரே பேசுவதாகவும், ஒரு மாதத்தில் திரும்பச் செய்யும்படியும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடமும் சொன்னேன். நாலு மாதமாக எனக்கு எந்த வாசமும் தெரியவில்லை என்று.

"தெரியுமுங்க," என்றாள். "பால் அடிப்புடிச்ச அன்னிக்கும் காபி மணக்குதுன்னீங்க."

"அப்பவே கேட்டிருக்கலாமே?"

"நீங்களாச் சொல்லட்டும்னு இருந்தேன்." ஈரத் துணியை உதறிக் கொடியில் போட்டாள். "அங்க ஏதாச்சும் கேஸு கசிஞ்சாக்கூட உங்களுக்குத் தெரியாதே. அதானுங்க, தெனமும் சட்டைய மோந்து பாத்துட்டுத்தான் தூங்குவேன்."